பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள்

போன ஆவணி மாதம் என் அம்பாசிடருக்குப் பின்பக்கத்து புஷ்கள் அத்தனையும் மாற்றினேன். மாற்றினேன் என்றால் நானே மாற்றவில்லை. எழுபத்து நான்கு வயதில் வண்டிக்கு அடியில் படுத்தால் என்னை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டும். மேஸ்திரிதான் மாற்றினார். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி விஷயத்தில் ஆர்வம் இல்லாத நண்பர்களும் இதைக் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் வண்டி மட்டும் இல்லை.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான் புதுச்சேரிக்காரன். பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சு மொழியில். பிரவே தேறியவன். 1972இல் எழுத்தராகச் சேர்ந்து 2011இல் ஓய்வு பெற்றேன். மகனுக்கு ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. அதனால் எட்டு வருடமாக ஸ்ரீபெரும்புதூரில் அவன் வீட்டு மாடியில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். வண்டியும் எங்களோடு வந்துவிட்டது.

வண்டி 1986ஆம் வருடத்து மார்க் 4, பெட்ரோல். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் திண்டிவனத்தில் ஒரு டாக்டர் வீட்டில் வாங்கினேன். இந்த ஊரில் அதை வெளியே எடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலிருந்து வண்டி செய்கிறது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து போட்ட தொழிற்சாலை 2010இல் திறந்தார்கள். சாலையில் போனால் புது வண்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர்கள் எதிரில் வரும். அந்தக் கூட்டத்தில் என் வண்டி, கல்யாண வீட்டுக்கு வந்த ஊர்ப் பெரியவர் மாதிரி மெதுவாகப் போகும்.

சத்தம் வந்தது போன வருடம். கிளம்பும்போது பின்னால் ஒரு 'டொக்'. பிரேக் பிடித்தால் இன்னொரு 'டொக்'. முன் சீட்டில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. முதுகு வலி என்று என் மனைவி எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். "என்னங்க, பின்னால யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கு" என்றாள். டிக்கியில் ஜாக்கி உருளுகிறது என்று சொன்னேன். ஜாக்கியைத் துணியில் சுற்றி வைத்தேன். சத்தம் போகவில்லை. பிறகு நீளமான லாரி பக்கத்தில் தாண்டிப் போனால் வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக ஒரு ஆட்டம் ஆடியது. ஸ்டியரிங் நேராக இருக்கிறது, வண்டி கொஞ்சம் குறுக்கே நகர்கிறது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஆட்டத்தைப் பற்றி முன்பு ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

சுங்குவார்சத்திரம் போகும் வழியில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். தகரக் கொட்டகை, ஒரு வைஸ், ஒரு வேப்ப மரம். இந்தப் பக்கத்தில் அம்பாசிடரைத் தொட்டுப் பழகிய கை அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. வண்டியைச் சுற்றி வந்தார். கடப்பாரையை எடுத்தார். பின் ஸ்பிரிங் பட்டையின் முன் கண்ணுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார். பட்டை அரை விரல் அளவு நகர்ந்து திரும்ப வந்தது. 'டொக்'.

"சைலன்ட் பிளாக் செத்துப் போச்சு சார். எப்ப செத்துச்சோ."

அன்று இரவு பாரீசில் இருக்கும் என் அத்தானிடம் போனில் பேசினேன். முப்பது வருடம் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சைலன்ட் பிளாக் என்றதும் சிரித்தார். "அது இங்கிலீஷ்னு நினைச்சியா? சிலாம்ப்ளோக். நம்ம பிரெஞ்சுதான்" என்றார். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் பிரான்சில் ஒரு வியாபாரப் பெயராக வந்து, பிறகு அந்தச் சாமானுக்கே பெயராக நின்றுவிட்ட சொல் அது. பன்னிரண்டு வருடம் பிரெஞ்சில் படித்த எனக்கு அந்தச் சொல் ஒரு தகரக் கொட்டகையில்தான் கிடைத்தது. இதைவிட ஒரு வேடிக்கை: 2014இல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது பிரெஞ்சு நாட்டு பெஜோ கம்பெனி.

சரி, இந்த புஷ் என்ன செய்கிறது? தெரிந்தவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின் அச்சு இரண்டு பக்கமும் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. பட்டையின் இரண்டு முனையும் சுருட்டி, கண் மாதிரி ஓட்டை இருக்கும். அந்தக் கண்ணில் போல்ட் மாட்டித்தான் பட்டை வண்டியோடு சேர்கிறது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தக் கண் போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் திரும்ப வேண்டும். இரும்போடு இரும்பு உரசினால் தேயும், சத்தம் போடும். பழைய காலத்தில் நடுவில் பித்தளை புஷ் போட்டு, வாரா வாரம் கிரீஸ் அடிப்பார்கள். லாரிகளில் இன்றும் அப்படி உண்டு. சைலன்ட் பிளாக்கில் கிரீஸ் கிடையாது. உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய், வெளியே ஒரு பெரிய குழாய், நடுவில் இறுக்கமாக ரப்பர். கண் திரும்பும்போது எதுவும் உரசுவதில்லை. ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு திரும்ப நேராகிறது. அதனால்தான் சத்தம் இல்லை. ரப்பர் கிழிந்தால் இரும்பு இரும்பில் மோதும். அதோடு அச்சும் தன் இடத்தில் நிற்காது. பின் சக்கரம் நான் திருப்பாமலே ஒரு பக்கம் திரும்பும்.

என் வண்டியில் முன் கண்ணுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்ட் பிளாக். பின்னால் ஷேக்கிளில் பக்கத்துக்கு நான்காக எட்டு ரப்பர் புஷ். மொத்தம் பத்து.

சாமான் தேடியது தனிக் கதை. சுற்றிலும் இத்தனை கார் தொழிற்சாலை இருந்தும் அம்பாசிடர் புஷ் ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போய் மூன்றாவது கடையில் வாங்கினேன். என் மகன் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாம், நாள்பட உழைக்கும் என்றான். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "அது கெட்டி தம்பி. ரோட்டுல இருக்கற ஆட்டத்தை அப்படியே மேல அனுப்பும். அம்மாவுக்கு முதுகு வலின்னு சொல்றீங்க" என்றார். மகன் அதற்கு மேல் பேசவில்லை. அவன் தொழிற்சாலையில் ஒரு புஷ்ஷை மெஷின் சில விநாடியில் அழுத்திவிடுமாம். எவ்வளவு விசையில் போனது என்று கம்ப்யூட்டரில் கோடு வேறு விழுமாம்.

இங்கே ஒரு முழு நாள் ஆனது. முதல் நாள் மாலையே நட்டுகளில் டீசல் ஊற்றி ஊற வைத்தார். காலையில் வண்டியைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து, அச்சுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி கொடுத்துப் பட்டையின் பாரத்தை எடுத்தார். ஷேக்கிள் சுலபமாக வந்தது. அதில் இருந்த ரப்பர் ஊறிப்போன பிஸ்கட் மாதிரி கையோடு உதிர்ந்தது. முன் கண்தான் படுத்தியது. போல்ட்டும் உள் குழாயும் துருவில் ஒன்றாகிவிட்டிருந்தன. ஹாக்சா பிளேடால் அறுத்துத்தான் போல்ட்டை எடுத்தார். வெளிக் குழாயையும் நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்து, உளி வைத்துச் சுருட்டி வெளியே தட்டினார். தீ வைத்து ரப்பரை எரிப்பவர்கள் உண்டு. சூட்டில் பட்டை தன் பதத்தை இழக்கும் என்று அவர் அதைச் செய்வதில்லை.

புதுசைச் சுத்தியால் அடிக்கவில்லை. நீள போல்ட், இரண்டு கனமான வாஷர், ஒரு குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்க சைலன்ட் பிளாக் கண்ணுக்குள் தானாக நுழைந்தது. ஷேக்கிள் ரப்பர்களுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். எண்ணெயோ கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகும் நட்டுகளை அவர் இறுக்கவில்லை. வண்டியைக் கீழே இறக்கினார். பின்னால் ஏறி நின்று நான்கு தடவை குதித்தார். பிறகு சக்கரம் தரையில் இருக்கும்போதே அடியில் போய் இறுக்கினார். காரணம் கேட்டேன். "தொங்கும்போது இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிக்கும் சார். ஓடாத வண்டியில கூட ஓயாம இழுத்துக்கிட்டே இருக்கும். ஒரு வருஷத்துல கிழிஞ்சிரும்."

சாயங்காலம் கூலி கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு தினத்தந்தித் தாளில் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது.

"என்ன இது?"

"பழைய புஷ் சார். எண்ணிப் பாத்துக்கங்க. மாத்தினதுக்கு இதுதானே சாட்சி."

எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. பொட்டலத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி அந்த வேறு விஷயம்.

1983 முதல் ஐந்து வருடம் ஒரு அலுவலகத்தில் நான் வாகனப் பிரிவு சீட்டில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே அதிகாரிக்கு ஒரு அம்பாசிடர் இருந்தது. அதை ஓட்டிய டிரைவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அண்ணே என்பேன். நான் பிரெஞ்சு படித்தவன் என்பதால் அவர் என்னை முசே என்று கூப்பிடுவார்.

1986 ஐப்பசி வாக்கில் அவர் என் மேசைக்கு வந்தார். "முசே, பின்னாடி புஷ் போயிடுச்சு. பிரேக் அடிச்சா பின்பக்கம் தனியா போவுது" என்றார். லாக் புக்கிலும் எழுதியிருந்தார். நான் ஃபைல் போட்டேன். வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போய் வந்தது. பில் வந்தது: பின் ஸ்பிரிங் புஷ் ஒரு செட், மாற்றியது. மறுநாள் அவர் திரும்ப வந்தார். குரலைத் தாழ்த்தி, "முசே, மாத்தலை. பில்லு மட்டும்தான் மாறியிருக்கு" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை இருந்தது. எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதை ஸ்டோருக்குத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு. அதைப் பார்த்த பிறகே பில்லைப் பாஸ் செய்ய வேண்டும். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பழைய புஷ் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வருடம் என் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது. அந்த ஒர்க் ஷாப் எனக்கு மேலே இருந்த ஒருவருக்கு வேண்டியது. நான் பதிவேட்டை எடுத்து, "பழைய பாகங்கள் பெறப்பட்டன" என்று என் கையால் எழுதி, சுருக்கெழுத்தும் போட்டேன். புஷ் என்றால் உருண்டையா தட்டையா என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

கார்த்திகை மழையில் திண்டிவனம் சாலையில் ஒரு சைக்கிள்காரருக்காக அவர் பிரேக் பிடித்தார். வண்டி பின்பக்கம் சுழன்று புளிய மரத்தில் மோதியது. அதிகாரிக்கு நெற்றியில் தையல். அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை. சாலை ஈரம், டயரும் புதுசு இல்லை. புஷ்தான் காரணம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. ஆனால் கவனக்குறைவாக ஓட்டினார் என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதை டைப் அடித்தது நான். அவர் புகார் எழுதிய லாக் புக் என் அலமாரியில் இருந்தது. ஃபைலில் அந்தப் பக்கத்தை வைக்க வேண்டியவன் நான். யாரும் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை. இரண்டு வருட ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

அவர் அதற்குப் பிறகும் என்னை முசே என்றுதான் கூப்பிட்டார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஓய்வு பெற்றுப் போய், சில வருடத்தில் இறந்தும் போனார். சாவுக்குப் போய் மாலை போட்டு வந்தேன்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து அந்தப் பொட்டலத்தை மாடி வராந்தாவில் பிரித்தேன். பத்தும் இருந்தன. சைலன்ட் பிளாக் ஒன்றைக் கையில் எடுத்தேன். கட்டை விரல் கனம். ரப்பர் ஒரு பக்கம் முழுவதும் பிளந்து, உள் குழாய் கோணலாக நின்றது. இதைத்தான் நான் பெற்றுக்கொண்டதாக எழுதினேன். என் மனைவியிடம் அன்றுதான் முழுவதும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணி இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தார். வில்லியனூரில், மூத்த மகள் வீட்டில். புரட்டாசியில் இந்த வண்டியிலேயே போனோம். போகும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் நான் பேசவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அண்ணிக்கு எண்பது வயது இருக்கும். என்னை அடையாளம் தெரிந்தது. "முசே தம்பிதானே" என்றார். நான் உட்கார்ந்து, பதிவேட்டில் எழுதியது, லாக் புக், மெமோ எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அலுவலகத்தில் குறிப்பு எழுதுகிற மாதிரி சொன்னேன் என்று பிறகு தோன்றியது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் புஷ் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊதிய உயர்வு என்ற சொல்லில்தான் நிமிர்ந்தார். "இங்கிரிமென்ட் நின்ன வருஷமா? அந்த வருஷம்தான் பெரியவளைப் பத்தாவதோட நிறுத்தினோம். தோள் வைத்தியத்துக்கே கடன் ஆயிடுச்சு" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எந்த வருடம் என்று நினைவுக்கு வந்ததைச் சொல்கிற குரல்.

அப்போது காப்பி கொண்டு வந்து வைத்தது அந்தப் பெரியவள்தான். ஐம்பது தாண்டியவர். வாசலில் அவர் மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று இருந்தது. நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும். "ஆறிடப் போவுது, குடிங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அண்ணி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்க வேண்டியவர் அவர் மட்டும் இல்லை.

மகனிடம் சொன்னபோது, "அப்பா, நீங்க ஒருத்தர் கேட்டிருந்தா மட்டும் மாறியிருக்குமா?" என்றான். தெரியாது. மாற்றாமலேயே இருந்திருக்கலாம். என்னை வேறு சீட்டுக்குத் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் லாக் புக்கின் அந்த ஒரு பக்கம் ஃபைலில் இருந்திருந்தால், மெமோ அவர் பெயருக்கு மட்டும் போயிருக்காது. அது என் கையில் இருந்தது.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறோம். பின் சீட்டில் என் மனைவி தூங்கியே விடுகிறாள். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விஷயம் சொல்கிறேன். பின்னால் உட்காருபவர் சத்தம் கேட்கிறது என்றால் ஜாக்கி உருளுகிறது என்று சொல்லாதீர்கள். புஷ் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்கி எண்ணிப் பாருங்கள்.

இன்னும் வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த மூன்றாவது அவர்களுக்கும்தான்.